ஏரிக்கரை வழியே வெள்ளிப் பள்ளத்தாக்கிற்கு ஒரு மிதிவண்டிப் பாதை

பள்ளி விட்டதும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துச் செம்மண் சாலையில் பறக்கும் உங்களுக்கு மேடு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்கும், கால் கடுக்கும், கடைசியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஆனால் ஏரிக்கரை வழியே மலைகளின் நடுவே நெடுந்தூரம் சென்றும் சிறுவரும் முதியவரும் இளைப்பின்றி மிதித்துச் செல்லக்கூடிய பாதை ஒன்று உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். அப்பாதையில் உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில் ஐடகோ என்னும் மாநிலம் உள்ளது. அதன் வடபகுதியில் கோர் டலேன் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. ஏரிக்கும் பாதைக்கும் அங்கு வாழும் பழங்குடி மக்களின் பெயரே வழங்குகிறது. இப்பெயர் அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதன்று. பிரெஞ்சு மொழி பேசிய தோல் வணிகர்கள் சூட்டியது. 'குத்தூசியின் நெஞ்சு' என்பது அதன் பொருள். செருப்புத் தைப்பவரின் குத்தூசி முனையைப் போல வணிகத்தில் கூர்மையானவர்கள் என்று கருதினார்கள் போலும்! அம்மக்கள் தம்மைச் 'சிட்சூஉம்ஷ்' என்பர். 'இங்கே காணப்படுவோர்' என்பது அதன் பொருள்.

மலை நாட்டுப் பாதை எவ்வாறு எளிதாயிற்று? அது புகைவண்டிப் பாதையாக இருந்தது என்பதே விடை. எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளும்போது வழுக்கும் தன்மை மிகுதி. நூறு மீட்டர் தூரத்திற்கு இரண்டு மீட்டர் உயர்ந்தாலே பாரமேற்றிய நீராவி வண்டி திணறும். ஆகவே பொறியாளர்கள் ஆற்றங்கரையை ஒட்டியே வளைந்து வளைந்து பாதை போட்டனர். ஏரியின் மட்டத்திலிருந்து பாதையின் கடைசி ஊர் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட தூரமோ 90 கிலோமீட்டருக்கும் மேல். கணக்கில் வல்லவர்கள் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு நான்கு மீட்டர் உயர்வுகூட இல்லை. 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வரை சென்ற புகைவண்டி நின்று போனபின் அத்தடம் நடைபாதையானதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பாதை மேற்கே பிளம்மர் என்னும் ஊரில் தொடங்குகிறது. ஊசியிலை மரக் காட்டினூடே ஏரியை நோக்கி ஒரே இறக்கம். 1908இல் அமைக்கப்பட்ட ஹெய்பர்ன் மாநிலப் பூங்காவைக் கடந்ததும் சாட்கோலெட் பாலம் வருகிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலத்தின் நடுப்பகுதி, முற்காலத்தில் நீராவிப் படகுகளுக்கு வழி விடுவதற்காகக் கதவு போலத் திரும்பும். இப்போது படகுகள் அடியில் செல்லும்படி அப்பகுதி உயர்த்தப்பட்டுள்ளது. படிப்படியாக அமைந்த சரிவில் ஏறி இறங்க வேண்டும். இருபுறமும் நீர், தொலைவில் கரும்பச்சை மலைகள்.

அக்கரையில் பாதை நீரை ஒட்டியே ஹாரிசன் என்னும் சிற்றூர் வரை செல்கிறது. அதன்பின் கோர் டலேன் ஆற்றின் சமவெளி. ஆற்றின் இருமருங்கும் சிறு சிறு ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உள்ளன. குதிரையினும் பெரிதாக வளரும் மூஸ் என்னும் மான் நீரில் இறங்கிப் பூண்டு மேய்வதைப் பலர் காண்கின்றனர். மீன் கொத்தும் பருந்துகள் கம்பங்களின் உச்சியில் கூடு கட்டியிருக்கும். இளவேனிற்காலத்தில் வடதுருவம் நோக்கிச் செல்லும் வெண்ணிற அன்னங்கள் இங்கு தங்கி இளைப்பாறும்.

காண இத்துணை இனிய இப்பாதையில் ஒரு வியப்பு உண்டு. வழியெங்கும் அறிவிப்புப் பலகைகள்: "பாதையை விட்டு இறங்காதீர்கள், ஆற்று நீரைக் குடிக்காதீர்கள், உண்ணுமுன் கைகளைக் கழுவுங்கள், குறித்த இடங்களிலேயே அமர்ந்து உண்ணுங்கள்" என்று கூறுகின்றன. ஏன்? இப்பாதையின் தார், மிதிவண்டி ஓடுவதற்காக மட்டும் போடப்பட்டதன்று. அது ஒரு மூடி. அதன் அடியில் நஞ்சு இருக்கிறது.

அந்நஞ்சின் பெயர் காரீயம். நம் நாட்டில் ஈயக்குட்டை, ஈயச் சுரங்கம் என்று நாம் கூறுவது வெள்ளீயத்தை. அது வேறு, காரீயம் வேறு. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பள்ளத்தாக்கிற்கு 'வெள்ளிப் பள்ளத்தாக்கு' என்று பெயர். 1880களில் அங்கு வெள்ளியும் காரீயமும் துத்தநாகமும் கலந்த கனிப்பாறை கண்டுபிடிக்கப்பட்டது. நோவா கெல்லாக் என்பவரின் கழுதை 1885இல் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடிப் போய் நின்ற இடத்தில்தான் பெருஞ்சுரங்கம் கிடைத்தது என்று அவ்வூரார் கதை சொல்வர். கழுதைக்கு அந்தப் புகழ் இருந்துவிட்டுப் போகட்டும்! கனிப்பொருளை ஏற்றிச் செல்லவே இப்புகைவண்டிப் பாதை போடப்பட்டது. பெட்டிகளிலிருந்து காரீயத் தூள் வழியெல்லாம் சிந்தியது. போதாததற்குத் தண்டவாளத்தின் அடியில் சுரங்கக் கழிவுக் கற்களையே கொட்டி நிரப்பினர். ஆற்றில் விடப்பட்ட கழிவு வெள்ளத்தோடு சென்று ஏரியின் அடியிலும் சதுப்பு நிலத்திலும் படிந்தது.

காரீயம் மூளையையும் நரம்புகளையும் தாக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அது பெருங்கேடு. மண்ணில் விளையாடிய கையை அவர்கள் வாயில் வைக்கின்றனர். உள்ளே சென்ற காரீயத்தில் பெரும்பங்கை அவர்களின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தைப் போல அது எலும்பில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கிவிடும். அதற்கு மணமில்லை; உடனே வலியுமில்லை. பிள்ளை பாடத்தில் பின்தங்குவதைக் கண்டு, 'கவனமில்லை' என்று அதட்டும் பெற்றோருக்குக் காரணம் விளங்காது.

கெல்லாக் என்னும் ஊரில் பங்கர் ஹில் உருக்காலை இருந்தது. அதன் புகையிலிருந்து காரீயத் தூசியை வடிகட்டுவதற்குப் பெரிய துணிப் பைகள் இருந்தன. 1973ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பகுதியில் தீப்பிடித்தது. வடிகட்டும் பைகள் பல அழிந்த பின்னும் ஆலை மாதக்கணக்கில் இயக்கப்பட்டது. 1974இல் ஆலையைச் சுற்றி ஒரு மைலுக்குள் வாழ்ந்த சிறுவர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். ஏறத்தாழ எல்லாச் சிறுவருக்கும் ஒரு டெசிலிட்டரில் 40 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்தது. 2021ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் 3.5 என்னும் அளவைக் கண்டாலே கவனிக்க வேண்டும் என்று வைத்துள்ளனர். நிலைமையை நீங்களே உணரலாம்.

1981இல் ஆலை மூடப்படுவதாக அறிவித்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலை இழந்தனர். தந்தையின் சம்பளம் வந்ததும் அவ்வாலையிலிருந்துதான். அவர் உடையோடு வீட்டிற்குள் தூசி வந்ததும் அங்கிருந்துதான். ஆகவே ஆலை மூடியதைக் கொண்டாடினோர் அவ்வூரில் பலர் இருந்திருக்க முடியாது. தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் உடையை மாற்றிக் குளித்த பின்பே குழந்தையைத் தூக்குவது எவ்வளவு நல்லது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

1983இல் அரசாங்கம் அவ்விடத்தைத் தூய்மை செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களின் மேல்மண்ணை அகற்றிவிட்டுப் புதுமண் போட்டனர். குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் படிப்படியாகக் குறைந்தது. 1991இல் பழங்குடி மக்கள் தம் ஏரிக்கும் ஆற்றுக்கும் நேர்ந்த கேட்டிற்காகச் சுரங்க நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். சதுப்பு நிலத்தில் விளையும் நீர்க்கிழங்கு அவர்களின் முன்னோர் உண்ட உணவு. பின்னர்ப் புகைவண்டி நிறுவனமும் மத்திய அரசும் மாநில அரசும் பழங்குடி மக்களும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. சில இடங்களில் நச்சு மண்ணை அள்ளி எடுத்தனர்; எஞ்சிய இடங்களைத் தாராலும் சரளையாலும் மூடினர். 2004இல் பாதை திறக்கப்பட்டது. ஹாரிசன் வரை பழங்குடியினரும் அதற்கப்பால் மாநிலப் பூங்காத் துறையினரும் அதைப் பேணுகின்றனர். ஆயினும் சேற்றைக் கிளறி வேரும் கிழங்கும் தின்னும் அன்னங்கள் காரீயத்தால் மாண்டு வந்துள்ளன. சதுப்பு நிலத்திற்கு முழுவதும் தார் போட்டு மூட முடியுமா?

கட்டால்டோ என்னும் இடத்தில் மண்ணும் மரமும் கொண்டு, ஆணியின்றிக் கட்டிய பழைய தேவாலயம் குன்றின்மேல் நிற்கிறது. 1850களில் பழங்குடி மக்களும் பாதிரிமார்களும் சேர்ந்து எழுப்பியது. ஐடகோவில் இன்றும் நிற்கும் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது. அங்கிருந்து மலைகள் நெருங்கி வருகின்றன, பள்ளத்தாக்கு குறுகுகிறது.

கெல்லாக்கைத் தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் துளைக்கருவி ஏந்திய சுரங்கத் தொழிலாளியின் சிலை ஒன்றைக் காணலாம். 1972ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் காலை சன்ஷைன் வெள்ளிச் சுரங்கத்தினுள் 173 பேர் இருந்தனர். நிலத்தடியில் தீப்பிடித்து, நச்சுப் புகை பரவியது. 80 பேர் உடனே தப்பினர். 91 பேர் மாண்டனர். இருவர் மட்டும் ஒரு வாரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டனர். 1977இல் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டதற்கு இவ்விபத்தும் ஒரு காரணம்.

அடுத்து வாலஸ். 1910ஆம் ஆண்டுப் பெருங்காட்டுத் தீயில் ஒரு பகுதி எரிந்தும் பழைய செங்கற் கட்டடங்களோடு நிற்கும் அழகிய ஊர். பாதை கடைசியாக முல்லன் என்னும் சிற்றூரில் முடிகிறது. அங்குள்ள சுரங்கத்தில் இன்றும் வெள்ளி வெட்டி எடுக்கப்படுகிறது. அதன் அருகே வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்து, காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் புறப்படலாம். ஏரி வரைக்கும் மெல்லிய இறக்கம். பெடலை மெதுவாக மிதித்தாலே போதும்.