ஒல்லியான காவல் நாய்க்கு எவ்வளவு தீனி?

கறவை மாட்டுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். கோழிக்கும் ஆட்டுக்கும் கூட அளவு உண்டு. ஆனால் களத்துமேட்டையும் பம்புசெட்டையும் காவல் காக்கும் நாய்க்கு மட்டும் கணக்கு கிடையாது. சட்டியில் மிஞ்சியது எவ்வளவோ, அவ்வளவுதான். மிஞ்சாத நாளில் அரை வயிறு. விசேஷ நாளில் வயிறு முட்ட.

படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பகுதிகளில் வயல்கள் மனைகளாக மாறி வருகின்றன. இங்குள்ள தோட்டங்களிலும் புதுக் குடியிருப்புகளிலும் நடுத்தர உயரமுள்ள கலப்பின நாய்களைக் காவலுக்கு வளர்ப்போர் பலர். இவற்றின் எடை சுமார் 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். உடல் ஒல்லியாக, வயிறு உள்வாங்கி இருக்கும். இதைப் பார்த்ததும், "ஐயோ பாவம், பட்டினி போலிருக்கிறதே" என்று ஆளுக்கு ஒரு கை சோறு போட்டு விடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஒல்லி வேறு, மெலிவு வேறு

நமது சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள் இயற்கையிலேயே ஒல்லியானவை. அந்த ரத்தம் கலந்த நாய்க்குக் கடைசி இரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரிந்தால் அது குறையல்ல. எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், கையால் தடவிப் பாருங்கள்.

உங்கள் கையை விரித்து வைத்து, புறங்கையின் விரல் முட்டுகளை மறு கையால் தடவுங்கள். விலா எலும்புகள் அப்படித் தென்பட்டால் உடல் சரியான நிலையில் இருக்கிறது. கையை மடக்கிக் குத்துவது போல வைத்தால் முட்டுகள் துருத்தி நிற்கும். விலா அப்படி இருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே கைக்கு அகப்படாவிட்டால் கொழுப்பு ஏறிவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு பின்னோக்கி மேலேறியிருக்க வேண்டும்.

கொழுத்தால் என்ன கேடு?

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, குட்டிப் பருவம் முதல் ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு, மற்றதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகத் தீனி கொடுத்தார்கள். முடிவு 2002ஆம் ஆண்டு வெளியாயிற்று. குறைவாகத் தின்ற நாய்கள் நடுத்தரக் கணக்கில் 13 ஆண்டுகளும், மற்றவை 11.2 ஆண்டுகளும் வாழ்ந்தன. மூட்டு நோயும் ஒல்லியான நாய்களுக்குக் காலம் கடந்தே வந்தது. இரக்கப்பட்டுப் போடும் கூடுதல் சோறு, நாயின் ஆயுளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைக் குறைத்து விடக்கூடும் என்பது இதன் பொருள்.

தேவையைக் கணக்கிடும் முறை

முதலில் எடை தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். வித்தியாசமே நாயின் எடை.

அந்த எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். வந்த தொகையை 1.6ஆல் பெருக்குங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி இதுவே. 10 கிலோ நாய்க்குச் சுமார் 590, 15 கிலோ நாய்க்குச் சுமார் 830, 20 கிலோ நாய்க்குச் சுமார் 1,070 கலோரி. கருத்தடை செய்யாத, இரவெல்லாம் வயலைச் சுற்றி ஓடும் நாய்க்கு 1.6க்குப் பதில் 1.8 என்று வைத்துக்கொள்ளலாம். குட்டிகளுக்கும், சினையான அல்லது பால் கொடுக்கும் பெட்டை நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு இதைவிட அதிகம் வேண்டும்.

நாம் போடுவது எவ்வளவு?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாயின் எடை 15 கிலோ. காலையில் அம்மா பழைய சோறு 300 கிராம் வைக்கிறார். அதில் சுமார் 390 கலோரி. மாலையில் பள்ளி விட்டு வரும் பையன் 50 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறான். அதில் சுமார் 225 கலோரி. இரவில் அப்பா குழம்பு ஊற்றி 400 கிராம் சோறு போடுகிறார். சோற்றில் மட்டும் 520 கலோரி. மொத்தம் 1,135 கலோரி. தேவையோ 830.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த 700 கிராம் சோற்றில் புரதம் 20 கிராம் கூடத் தேறாது. இந்த நாய்க்குத் தினம் 40 கிராம் அளவு புரதம் கிடைப்பது நல்லது. ஆக, தீனி அதிகம், சத்து குறைவு. நாய் கொழுக்கும், ஆனால் ரோமம் மங்கும், தசை வற்றும்.

15 கிலோ நாய்க்கு ஒரு நாள் உணவு

அரிசி 120 கிராம். அதாவது ஓர் ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு. வடித்தால் சுமார் 350 கிராம் சோறு கிடைக்கும். எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராம், வேக வைத்தது. வேக வைத்த முட்டை ஒன்று. தயிர் 100 கிராம். பூசணி அல்லது கேரட் 50 கிராம். சமையல் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. இவை சேர்ந்து ஏறத்தாழ 845 கலோரி ஆகும். இறைச்சியும் சோறும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, உலர்த்தி, மாவாகப் பொடித்து அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். நீண்ட நாள் வீட்டுச் சாப்பாடே போடுவதானால், வேறு தாது உப்புகளும் வைட்டமின்களும் தேவையா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கடையில் விற்கும் உலர் தீனியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி இருக்கும். அதை மட்டும் கொடுப்பதானால் நாளைக்கு 240 கிராம் போதும். பையில் அச்சிட்டுள்ள கலோரி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் காலை, மாலை என இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெயில் காலத்தில் வெயில் ஏறுமுன்பும், தாழ்ந்த பின்பும் வைத்தால் நன்றாகத் தின்னும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. விருந்தில் மிஞ்சிய பிரியாணியில் வெங்காயம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். சமைத்த எலும்பு சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

தின்றும் தேறாவிட்டால்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பாருங்கள். இடுப்பு மறைந்தால் உணவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். முதுகெலும்பு துருத்தினால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்.

சரியான அளவு தின்றும் நாய் மெலிந்துகொண்டே போனால், மேலும் சோறு போடுவது வைத்தியம் அல்ல. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப் புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். உண்ணிகள் பரப்பும் காய்ச்சலாகவும் இருக்கலாம். சாணத்தைச் சிறிது எடுத்துக்கொண்டு, நாயுடன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். கடினமான நோயானால், 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. குடற்புழு மருந்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுத்து வாருங்கள்.

இன்றே ஒரு பழைய டம்ளரை நாய்க்கென்று ஒதுக்கி வையுங்கள். தீனி வைக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரே ஏற்றுக்கொள்ளட்டும். பையன் பிஸ்கட் போட ஆசைப்பட்டால் ஒன்றிரண்டோடு நிறுத்தி, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துவிடுங்கள். மாட்டுக்கு அளந்து வைப்பதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்வதில்லை. நாய்க்கு அளந்து வைப்பதும் அப்படித்தான்.