தாடி வைத்த அரசி

அன்புள்ள கயல்,

"ஹட்ஷெப்சுட் ஆண் வேடம் போட்டு ஊரை ஏமாற்றினாளா சார்?" என்று கேட்டிருந்தாய். கோபம் உன்மேல் இல்லை. எகிப்திய வரலாற்றில் இதைவிட எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு வேறில்லை.

யாரை ஏமாற்றுவது? முதலாம் துத்மோஸின் மகள், இரண்டாம் துத்மோஸின் மனைவி என்று நாடே அறிந்தவர். தாடி என்கிறாயே, ஆண் பாரோக்களின் தாடியும் வாரால் கட்டிய ஒட்டுத்தாடிதான். மகுடம் போல அதுவும் பதவியின் அணி.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய சுண்ணாம்புக்கல் சிலை ஒன்று இருக்கிறது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது. படத்தையாவது நிதானமாகப் பார். தலையில் அரசருக்குரிய நேமெஸ் துணி, இடையில் அரசர் கட்டும் குட்டை உடுப்பு, மேலே வெற்றுடம்பு. ஆனால் மெல்லிய தோளும் மார்பகமும் சிறுத்த இடையும் பெண்ணுடையவை. தாடியே இல்லை. அரியணையில் பொறித்த பட்டங்களும் பெண்பாலில்தான். மறைக்க நினைத்தவர் இப்படியொரு சிலையைச் செதுக்க விடுவாரா? அவருக்குச் சுமார் 300 ஆண்டு முன்பு ஆண்ட அரசி சோபெக்நெஃபெருவின் தலையிழந்த சிலை பாரிஸில் லூவரில் இருக்கிறது. அவரோ பெண்கள் உடைக்கு மேலேயே அரச உடுப்பைக் கட்டியிருக்கிறார்!

பிற்காலச் சிலைகள் ஏன் ஆணுடலாயின? தேர் எல்-பஹ்ரியில் அவர் கட்டிய கோயிலில் அவை இருந்த இடத்தைக் கவனி. மண்டியிட்டு அமுன் கடவுளுக்குக் கலயம் ஏந்தியவை, ஒசைரிஸ் கோலத்தில் தூணோடு நின்றவை. வழிபாட்டில் அரசர் நிற்கவேண்டிய இடத்துக்கு மரபு வகுத்திருந்த உருவம் அது, அவரும் அதை ஏற்றார் என்பதே என் துணிபு.

நான் மாணவனாக இருந்தபோது படித்த பழைய நூல்களில் அவர், கணவரின் மகன் மூன்றாம் துத்மோஸின் அரியணையைப் பறித்த பொல்லாத சிற்றன்னை. அந்தச் சிலைகளை 1920களில் குழிகளிலிருந்து தோண்டியெடுத்த தொல்லியலாளர் வின்லாக் காலத்து அறிஞர்கள் பலர், மூன்றாம் துத்மோஸ் ஆத்திரத்தில் உடைத்தார் என்றே நம்பினார்கள். ஆத்திரம் 20 ஆண்டு காத்திருக்குமா? ஹட்ஷெப்சுட் இறந்து ஏறத்தாழ அவ்வளவு காலம் கழித்துத்தான் உளி எடுத்தார்கள். தன் மகனின் வாரிசுரிமைக்காகத் துத்மோஸ் அப்படிச் செய்தார் என்பது இன்று பலர் கருத்து. எவற்றை அழித்தார்கள் என்பதையும் பார்: அரசராக ஹட்ஷெப்சுட் தோன்றிய உருவங்களை. துத்மோஸின் தந்தைக்குப் பட்டத்தரசியாக அவர் நின்ற உருவங்களைப் பெரும்பாலும் தொடவேயில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்