முதலில் யாரைப் பார்ப்பது? ஜிபி சர்ஜரியில் செயற்கை நுண்ணறிவு

இங்கிலாந்தின் ஜிபி சர்ஜரிகளில், அதாவது குடும்ப மருத்துவர் நிலையங்களில், காலை 8 மணிக்குத் தொடங்கும் தொலைபேசி ஓய்வதே இல்லை. 2025 அக்டோபர் 1 முதல், வார நாட்களில் மாலை 6.30 வரை இணையப் படிவமும் திறந்திருக்க வேண்டும் என்பது ஜிபி ஒப்பந்த விதி. அவசரமில்லாதவற்றுக்குத்தான் அந்தப் படிவம். ஆனால் தன் நெஞ்சு வலி அவசரமானது என்று அறியாதவரும் அதில்தான் எழுதுவார். இந்தக் குவியலை வரிசைப்படுத்தச் செயற்கை நுண்ணறிவு உதவும். ஒருவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மென்பொருள் வாங்கும் முன், இரண்டு வாரக் கோரிக்கைகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். மருந்து நீட்டிப்பு, வேலைக்கான சான்று, பரிசோதனை முடிவு என்று எத்தனை? புதிய நோய்க்குறி எத்தனை? முதல் வகையை இயந்திரத்திடம் தந்து தொடங்குங்கள். பிழை நேர்ந்தாலும் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது காகித வேலை. தயாரிப்பாளரிடம் டிசிபி 0129 என்ற மருத்துவப் பாதுகாப்புத் தரத்துக்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். மென்பொருளைப் பயன்படுத்தும் உங்கள் பக்கத்துக்கு டிசிபி 0160 என்ற தரம் உண்டு. அதற்குப் பொறுப்பாகப் பதிவு பெற்ற மருத்துவத் துறையினர் ஒருவர் வேண்டும். நோயாளர் தகவல் எங்கே போகிறது என்ற மதிப்பீட்டையும் முடித்துவிடுங்கள்.

பிறகு அபாய அறிகுறிப் பட்டியல். இதை மருத்துவர்களே உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல். முதுகு வலியோடு சிறுநீர் போகாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிய தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே மனிதர் பார்க்க வேண்டும் என்று மாறாத விதியாகவே வையுங்கள், இயந்திரத்தின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது மொழியைப் பற்றித்தான். லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருக்கும் நம் அம்மா, “நெஞ்சுக்க என்னவோ செய்யுது, வாய்வாக்கும்” என்பார். மகன் ஆங்கிலத்தில் ‘காஸ்’ என்று தட்டி அனுப்புவான். இயந்திரம் அதை அஜீரணம் என்று அடியில் போட்டுவிடலாம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் மாரடைப்பு கடுமையான வலி இல்லாமலே வரக்கூடும். ஆகவே உங்கள் பகுதியில் பேசும் மொழிகளில் இப்படிப்பட்ட வாசகங்களைத் திரட்டி, அவற்றையே கொடுத்துச் சோதியுங்கள். சர்ஜரி வரவேற்பில் இருக்கும் பெண்களுக்கு இவை அத்துப்படி, அவர்களைக் கேளுங்கள்.

இனி ஒத்திகை. சில வாரங்கள் இயந்திரம் பக்கத்திலேயே ஓடட்டும். அதன் முடிவை நோயாளருக்குப் பயன்படுத்த வேண்டாம். மருத்துவர் ‘இன்றே’ என்று சொன்னதை அது ‘அடுத்த வாரம்’ என்று குறித்த ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பேசுங்கள். அவசரத்தைக் கூட்டிச் சொன்னால் ஒரு சந்திப்பு நேரம் வீணாகும். குறைத்துச் சொன்னால் உயிர் போகலாம். இரண்டையும் ஒரே சதவீதக் கணக்கில் சேர்த்துக் காட்டும் விற்பனையாளரை நான் நம்ப மாட்டேன்.

நடைமுறைக்கு வந்தபின் முதல் விதி: இயந்திரம் அவசரத்தை உயர்த்தலாம், தாழ்த்தக் கூடாது. நோய்க்குறி உள்ள எதையும் மருத்துவத் துறையினர் ஒருவர் படிக்காமல் முடிக்கக் கூடாது. தொலைபேசியிலும் நேரிலும் வருபவர்களை வரவேற்பாளர் அதே படிவத்தில் பதிந்தால், இணையம் தெரியாதவர் பின்தள்ளப்பட மாட்டார்.

வாரம் ஒருமுறை ‘காத்திருக்கலாம்’ குவியலிலிருந்து சிலவற்றை எடுத்து மறுபடி படியுங்கள். தவறு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய சோதனையைத் திரும்ப நடத்துங்கள்.

பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் சொன்னதை நீங்களாகவே நோய்ப் பெயராக்காதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, நடந்தால் கூடுகிறதா என்று கேட்டு எழுதுங்கள். நெஞ்சு அடைக்கிறது என்றால் படிவத்தைத் திறக்கவே வேண்டாம், 999ஐ அழையுங்கள்.