மருத்துவ விடுப்பும் அந்தரங்கமும்

"விடுப்பு" என்னுஞ் சொல்லுக்கு நம் நாட்டு அலுவலகங்களில் வழங்கும் பொருள், பணியினின்று சில நாள் விலகியிருத்தற்கு இசைவு என்பதாம். யாழ்ப்பாணத்தாரோ அச்சொல்லைப் பிறர் செய்தியை அறியும் வேண்டாத ஆவல் என்னும் பொருளில் ஆளுவர். இவ்விரு பொருளுக்கும் இயைபு யாதென யாம் பலகால் வியந்ததுண்டு. எம் உறவினர் ஒருவர் மருத்துவ விடுப்பு வேண்டியபோது அவ்வியைபு ஒருவாறு விளங்கிற்று.

அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காசநோய் கண்டமையால் இரண்டு திங்கள் விடுப்புக்கு விண்ணப்பித்தார். மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அத்தாள் தபால் பிரிவிற் பதியப்பட்டு, உதவியாளர் கைக்கும் கண்காணிப்பாளர் கைக்கும் சென்று, பின்னரே அதிகாரியின் மேசையை அடைந்தது. அவர் கையொப்பமிடுமுன் அலுவலகம் முழுதும் அறிந்துவிட்டது. நோய் இனிப் பிறர்க்குத் தொற்றாது என மருத்துவர் அளித்த தகுதிச் சான்றோடு எம் உறவினர் பணிக்குத் திரும்பிய நாளில், தேநீர் கொணர்பவர் அவருக்கெனத் தனிக் குவளையொன்றை வைத்தாராம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு திங்கள் மருந்துண்டு நோய் முற்றும் நீங்கிய பின்னரும் அக்குவளை மாறவில்லை.

"தொற்றுநோயை உடன்பணியாற்றுவோர் அறிதல் வேண்டாவோ?" என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். வினா நேரியதே. ஆயின் அதற்கு வழி வேறுளது. 2012-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் காசநோயைக் கண்டறியும் மருத்துவர் அதனை அரசின் சுகாதாரத் துறையினர்க்கு அறிவித்தல் கடனாகும். உடனிருந்தோரை ஆராய்தல் அத்துறையினர் பணி. தபால் பிரிவு அதற்கென அமைந்ததன்று.

விடுப்பு அளிப்பவர் அறியவேண்டுவன எவை? பணியாற்ற இயலாமை, அஃது எந்நாள் முதல் எந்நாள் வரை, மீண்டபின் செய்யத்தகாத வேலை ஏதேனும் உண்டோ என்பனவே. நோயின் பெயர் இவற்றுள் அடங்குவதில்லை. வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்திற்கு உறுப்பாக நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கினையே எண்ணினார், மேலதிகாரியை எண்ணினாரல்லர்! எனினும், நடுவணரசு ஊழியர்க்கென 1972-இல் இயற்றப்பட்ட விடுப்பு விதிகள், சான்றிதழானது நோயின் தன்மையையும் அது நீடிக்கும் காலத்தையும் கூடியவரை தெளிவாகக் குறித்தல் வேண்டுமென்றன. பொய்ச் சான்று கொணர்வாரும் உளர் என்னும் ஐயமே இதற்குக் காரணமாகலாம். அவ்வையத்தைத் தீர்க்கும் வழியும் அவ்விதிகளிலேயே உளது: ஐயுறும் அதிகாரி அரசு மருத்துவர் ஒருவரிடம் இரண்டாங் கருத்துக் கேட்கலாம். மருத்துவர் கூற்றை மருத்துவர் ஆராய்தல் தக்கது. கண்காணிப்பாளர் ஆராய்தல் எங்ஙனம்?

சட்டம் இத்துறையில் மெல்ல நடந்துள்ளது. எச்.ஐ.வி. உற்றமையால் வேலை மறுக்கப்பட்ட தொழிலாளி ஒருவரின் வழக்கில், பணிக்குத் தகுதியுடையவரும் பிறர்க்குத் தீங்கு விளைக்காதவருமான ஒருவரை அக்காரணம் பற்றி மட்டும் விலக்கலாகாது என 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பெயரையும் வெளியிடாது எழுத்துக்களாலேயே குறித்தது. 2017 ஆகஸ்டு 24-இல் உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மர், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமுகமாகக் கூறினர். அவ்வாண்டே இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம், நீதிமன்ற ஆணையால் அன்றி எவரையும் தம் நிலையை வெளியிடுமாறு வற்புறுத்தலாகாது என விதித்தது.

எம்மை மிக வருத்துவது பெண்டிர் நிலையாகும். கருச்சிதைவுற்ற பெண்ணுக்கு 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் ஆறு வார விடுப்பு அளித்தது, சான்றும் கேட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்நெறியையே மேற்கொண்டது. விடுப்பு வேண்டின் இழப்பைச் சொல்லியாதல் வேண்டும். சொல்ல மனமில்லாதவள் வேறொரு காரணங்கூறி, மூன்றாம் நாளே மேசைக்குத் திரும்புவதும் உண்டு.

ஜெர்மானியர் எளியதொரு வழி கண்டனர். அங்கு மருத்துவர் தரும் சான்று வெவ்வேறு தாள்களாக இருந்தது. நோய்க் காப்பீட்டு நிதியத்துக்குரிய தாளில் நோயின் குறியீடு இருக்கும், முதலாளிக்குரிய தாளில் இராது. ஆயினும் மருத்துவரின் முத்திரை அதில் இருந்தது. மனநோய் மருத்துவரின் முத்திரையைக் கண்டவர்க்கு நோயின் பெயர் எதற்கு? பொது நிதியங்களிற் காப்பீடு பெற்றோர் வகையில், 2023 சனவரி முதல் முதலாளி அச்சான்றை நிதியத்தினிடமிருந்தே மின்வழியாகப் பெறுகின்றார். அதில் மருத்துவர் பெயரும் இல்லை.

எம் உறவினர் சென்ற ஆண்டில் மீண்டும் விடுப்பு வேண்டினார். இம்முறை, இயலாமையையும் நாட்களையும் மட்டும் எழுதுமாறு மருத்துவரைக் கேட்டுப் பெற்று, சான்றிதழை உறையிலிட்டு ஒட்டி, மேலே "அந்தரங்கம்" என எழுதி அதிகாரி பெயருக்கு அனுப்பினார். தபால் பிரிவில் உறை வழக்கம்போற் பிரிக்கப்பட்டது. தாளின் தலைப்பிற் கண் மருத்துவமனை என்றிருந்தமையால், அவர் திரும்பியபோது எல்லாரும் அவர் கண்ணையே பார்த்தனராம்.