ரௌட்டருக்கு இரட்டை வேலை கொடுக்கலாமா?

வீட்டின் மூலையில் சிறு விளக்குகள் மினுக்க, இரவும் பகலும் விழித்திருக்கும் கருவி ரௌட்டர். பெரிய கோப்புகளை இணையத்திலிருந்து இறக்க டாரன்ட் என்றொரு முறை உண்டு. 'ரௌட்டர்தான் எப்போதும் ஓடுகிறதே, அந்த வேலையையும் அதனிடமே ஒப்படைத்தால் என்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை காண, இரண்டு வேலைகளின் தன்மையையும் முதலில் பார்ப்போம்.

ரௌட்டரின் வேலை

இணையத்தில் தகவல்கள் சிறுசிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கின்றன. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் ஊழியர் முகவரியை மட்டுமே பார்க்கிறார், உறையைத் திறப்பதில்லை. ரௌட்டரும் அப்படித்தான்.

வேலை எளிது, ஆனால் வேகம் வேண்டும். 1500 பைட் என்பது 12,000 பிட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு நிரம்பி ஓடினால், விநாடிக்கு 8,300-க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் வரும். அத்தனையையும் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

டாரன்டின் வேலை

2001-ல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இது. ஒரே கணிப்பொறியிலிருந்து முழுக் கோப்பையும் வாங்காமல், பல கணிப்பொறிகளிடமிருந்து துண்டு துண்டாக வாங்குகிறோம். கிடைத்த துண்டுகளைப் பிறருக்கும் கொடுக்கிறோம். லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இம்முறையில் வழங்கப்படுகின்றன. (உரிமை பெறாமல் திரைப்படங்களைப் பகிர்வது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.)

4096 மெகாபைட் கோப்பை 1 மெகாபைட் துண்டுகளாக்கினால் 4096 துண்டுகள். முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் துண்டு சரியானதுதானா? இதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் நீளமுள்ள ஓர் அடையாள எண் முன்னதாகவே தரப்பட்டிருக்கிறது. வந்த துண்டின் எல்லாப் பைட்டுகளையும் கணக்கிட்டு அவ்வெண்ணைப் பெற வேண்டும். ஒத்துப்போகாத துண்டைத் தள்ளிவிட்டு மீண்டும் வாங்க வேண்டும். ஆக, இங்கே உறையைத் திறந்து, படித்து, சரிபார்த்து, அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது!

இரண்டும் ஒரே தலையில் விழுந்தால்?

2005-ல் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி.எல். என்ற ரௌட்டரில் 200 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 16 மெகாபைட் நினைவகமும்தான் இருந்தன. வன்தட்டைச் செருக யு.எஸ்.பி. துளைகூட இல்லை. இன்றைய ரௌட்டர்கள் பலவற்றில் அந்தத் துளை உண்டு. நினைவகமும் பல மடங்கு பெரியது. சிலவற்றில் டாரன்டை ஓட்டவும் முடியும். ஆனாலும் மூன்று சங்கடங்கள் உள்ளன.

ஒன்று: சில ரௌட்டர்களில் பொட்டலங்களைக் கடத்துவதற்கென்றே தனிச் சுற்று உண்டு. கடந்து செல்லும் பொட்டலங்களுக்கே அது உதவும். ரௌட்டரிலேயே வந்து முடியும் டாரன்ட் பொட்டலங்களை மையச் செயலிதான் சுமக்க வேண்டும்.

இரண்டு: நினைவகம் தீர்ந்தால் ரௌட்டர் திணறும், சில சமயம் நின்றே போகும். அப்போது உங்கள் கோப்பு மட்டுமல்ல, அக்காவின் இணையவழிப் பாடமும் பாதியில் நிற்கும்.

மூன்று: ரௌட்டர் வீட்டின் வாயிற்காவலர். வெளியார் பலருடன் பேசும் ஒரு நிரலை அதிலேயே ஓட்டினால், அந்நிரலில் உள்ள ஓட்டை வாயிலிலேயே உள்ள ஓட்டையாகிவிடும்.

தனிக் கருவி எதைத் தீர்க்கும்? எதைத் தீர்க்காது?

ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறியில் டாரன்டை ஓட்டினால் கணக்கீடு, சேமிப்பு இரண்டும் ரௌட்டரை விட்டு விலகும். ஆனால் எல்லாச் சுமையும் விலகிவிடாது. வீட்டிலிருந்து செல்லும் ஒவ்வோர் இணைப்பையும் ரௌட்டர் தன் பட்டியலில் குறித்தே ஆக வேண்டும். டாரன்ட் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கக்கூடியது. எனவே தனிக் கருவியிலும் இணைப்புகளின் எண்ணிக்கைக்கும் அனுப்பும் வேகத்துக்கும் வரம்பு வைப்பது அவசியம்.

மின்செலவு எவ்வளவு? சிறு கணிப்பொறியும் வன்தட்டும் சேர்ந்து 8 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 30 நாட்களுக்கு 8 × 24 × 30 = 5760 வாட்-மணி, அதாவது 5.76 யூனிட். 80 வாட் எடுக்கும் மேசைக் கணிப்பொறியானால் 57.6 யூனிட். ரௌட்டரிலேயே ஓட்டினால் கூடுதல் செலவு மிகக் குறைவு. அதன் ஒரே பெரிய லாபம் இதுதான். அந்தச் சில யூனிட்டுக்காக வீடு முழுவதன் இணைப்பையும் பணயம் வைப்பதா என்பதே கேள்வி. தனியாள் வீட்டில், இரவில் மட்டும், மெதுவாக இறக்குவதானால் ரௌட்டரே போதும். பலர் பயன்படுத்தும் வீட்டில் தனிக் கருவியே நல்லது.

செய்து பாருங்கள்

கணிப்பொறியை ரௌட்டருடன் கம்பி மூலம் இணையுங்கள். 'பிங்' என்ற கட்டளையால் முதலில் ரௌட்டரின் முகவரிக்கும், பிறகு வெளியிலுள்ள ஓர் இணைய முகவரிக்கும் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டாரன்டை ஓடவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.

ரௌட்டரின் பதிலே தாமதித்தால், பெரும்பாலும் அதன் செயலி திணறுகிறது. வேலையைத் தனிக் கருவிக்கு மாற்றுங்கள். ரௌட்டர் உடனே பதில் தந்து, வெளி முகவரி மட்டும் தாமதித்தால், வெளியே செல்லும் பாதையில் பொட்டலங்கள் வரிசையில் காத்து நிற்கின்றன என்று கொள்ளலாம். அதற்குப் புதுக் கருவி மருந்தல்ல. அனுப்பும் வேகத்தைக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள்.