தண்ணியைப் பார்த்து சைட் எடுக்கலாமா?

மே மாதம் பிறந்தால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் ஒரே பேச்சுத்தான்: இந்த முறை காம்பிங் எந்த ஏரிக்கு? அல்கொன்குவினா, சாண்ட்பாங்ஸா, கில்பெயரா, பைனரியா? நாலுமே நல்ல மாகாணப் பூங்காக்கள், அதில் சண்டை வேண்டாம். ராத்திரி நித்திரை வருமா என்பதை முடிவு செய்வது அந்த ஏரிக்குப் பக்கத்தில் நீங்கள் எடுக்கும் சின்னத் துண்டு நிலம், அதாவது சைட். அதைத் தெரிந்தெடுப்பதில்தான் நம்மவர்களிடம் சில பிடிவாதமான நம்பிக்கைகள் இருக்கின்றன.

“தண்ணி ஓரத்து சைட்தான் முதல்தரம்.”

படம் எடுக்க முதல்தரம். ஒன்ராறியோவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். கில்பெயர் ஜோர்ஜியன் குடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, பைனரி ஹியூரன் ஏரியின் தென்கிழக்குக் கரையில். சூரியன் தண்ணிக்குள் இறங்குவதைக் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுப் போகும் அதே கரையில்தான், ஏரி முழுக்கத் தடையில்லாமல் ஓடிவந்த காற்றும் மோதும். அடுப்பு பற்றாது, பேப்பர் தட்டுகள் பறக்கும், கூடாரத் துணி விடிய விடியப் படபடக்கும். அதே ராத்திரி பைனரியின் மணல்மேடுகளுக்குப் பின்னால், ஓக் மரங்களுக்கு நடுவே சைட் எடுத்தவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். தண்ணிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரருக்கு நான் தண்ணி ஓரத்து சைட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். சமைக்கும்போதும், கூடாரம் அடிக்கும்போதும், யாரோ ஒரு பெரியவர் தண்ணியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதிலும் ஏமாற்றுகிற நாள், காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசும் நாள். கரையோரத்தில் அலையே இருக்காது. பார்த்தால் பயமே வராது. காற்றடைத்த மிதவையில் பிள்ளை ஏறி உட்கார்ந்தால், அதை நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போவது அந்தக் காற்றுத்தான். மாகாணப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. பல பூங்காக்களில் லைஃப் ஜாக்கெட் இரவல் கொடுக்கிறார்கள், வாசலில் கேட்டுப் பாருங்கள்.

“கூடாரத்துக்கு எந்த நிலமும் சரி, ஆணியை அடித்தால் போச்சு.”

ஆணி எங்கே இறங்கும்? அல்கொன்குவினும் கில்பெயரும் கனடியக் கேடயப் பாறைமேல் இருப்பவை. பல இடங்களில் மண் ஒரு சாண்கூட இராது. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி ஆணி இரண்டு அங்குலம் இறங்கி, டங் என்று ஒரு சத்தம் கேட்டு, வளைந்து நிற்கும். அங்கே நீளமான கயிறு கொண்டுபோய்ப் பாறையிலோ பெரிய கல்லிலோ சுற்றிக் கட்டுவதுதான் வழி. சாண்ட்பாங்ஸ், பைனரி மணலில் கதை தலைகீழ். அதே ஆணி விரலால் தள்ளினாலே இறங்கும், முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வரும். மணலுக்கு அகலமும் நீளமுமான ஆணி வேண்டும். சைட்டைப் பதிவு செய்யும்போதே இது என்ன நிலம் என்று பார்க்காதவர்கள், போய்ச் சேர்ந்த அன்று மாலை பக்கத்துக்காரரிடம் சுத்தியல் இரவல் கேட்பார்கள்.

சரிவையும் பாருங்கள். சைட்டின் ஆகத் தாழ்ந்த மூலை பெரும்பாலும் வெறுமையாக, புல் இல்லாமல், கூடாரம் அடிக்கவென்றே செய்ததுபோல் தட்டையாக இருக்கும். மழைத்தண்ணி நின்று நின்று தட்டையாக்கிய இடம் அது. இரவில் குளிர்காற்றும் இறங்கி வந்து தேங்குவது அப்படிப்பட்ட பள்ளத்தில்தான்.

“மழையே இல்லை, கூடாரம் ஒழுகுது, கடைக்காரன் ஏமாற்றிப்போட்டான்.” பாவம் கடைக்காரன். உள்ளே படுத்திருந்த நாலு பேரின் மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டியிருக்கிறது. ஏரியோரத்து ஈரக்காற்றில் இது இன்னும் மோசம். குளிர் என்று எல்லா ஜன்னலையும் மூடாமல் மேல் துவாரத்தைத் திறந்து விடுங்கள்.

“ஏரி என்றால் நுளம்பு.”

திறந்த பெரிய ஏரியின் அலையடிக்கும் தண்ணியில் நுளம்பு முட்டையிட்டுப் பெருகாது. அதற்கு அசையாத, ஆழமில்லாத தேங்குநீர் வேண்டும். சைட்டுக்குப் பின்னால் சதுப்பு இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். காற்றோட்டமான கரையில் நுளம்பு குறைவு. மேலே திட்டிய காற்றுக்கு இந்த ஒரு நல்ல குணம் உண்டு. அல்கொன்குவின் பக்கம் மே நடுவிலிருந்து யூன் வரை கடிக்கிற கறுப்பு ஈ வேறு சாதி. அதன் புழு வளர்வது ஓடுகிற தண்ணியில். அது கடிப்பதும் பகலில். விக்ரோரியா நாள் விடுமுறையில் கறுப்புச் சட்டையோடு ஓடைப் பக்கத்து சைட்டுக்குப் போகிறவரை அது தேடி வந்து வரவேற்கும். கறுப்பு ஈக்குக் கடும் நிறத் துணி பிடிக்கும்.

“ஆர்வி எடுத்தால் வீடு மாதிரி. எலெக்ட்ரிக் சைட் இருந்தால் போதும்.”

கணக்குப் பார்ப்போம். 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் 3,600 வாட். கூரை ஏசி ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். கேத்தல் இன்னொரு 1,500. இதற்கு மேல் ரைஸ் குக்கரையும் மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும், சோறு பாதியில் நிற்கும். 15 ஆம்ப் இணைப்பு என்றால் 1,800 வாட்தான். ஏசி ஓடும்போது கேத்தலை நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் எலெக்ட்ரிக் சைட்டுகளில் மின்சாரம் கிடைக்கும், தண்ணிக் குழாய் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. தொட்டியை நிரப்புவதும் கழிவைக் கொட்டுவதும் பொது நிலையத்தில்தான். சைட்டை விட வேண்டிய நேரம் பிற்பகல் 2 மணி. ஞாயிறு மதியம் அந்தப் பொது நிலையத்தில் ட்ரெயிலர்கள் வரிசை கட்டி நிற்கும். மூன்று இணைப்பும் வேண்டுமென்றால் தனியார் காம்ப்கிரவுண்டில் தேடுங்கள். அங்கே சைட்டுகள் பெரும்பாலும் நெருக்கமாக இருக்கும், பக்கத்து டிவிச் சத்தமும் இலவசம்.

பின்நகர்த்தி நுழையும் சைட்டா, ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரும் சைட்டா என்பதும் முக்கியம். முதல்முறை ஆர்வி ஓட்டும் மச்சானை மரங்களுக்கு நடுவே, இருட்டில், மூன்று பேர் மூன்று விதமாகக் கை காட்ட, பின்னுக்கு வரச் சொல்வது குடும்ப உறவுக்கு நல்லதல்ல.

“எல்லாரும் ஒரு சைட்டிலேயே சமாளிப்போம்” என்பதும் நடக்காது. ஒரு சைட்டுக்குப் பொது வரம்பு ஆறு பேர். சித்தப்பா வீடு, மாமி வீடு எல்லாம் சேர்ந்து வருகிறதென்றால் அடுத்தடுத்த சைட்டுகள் அல்லது குழு முகாம் இடம் எடுக்க வேண்டும். அம்மம்மாவுக்காக வோஷ்ரூமுக்கு ஒட்டிய சைட் எடுக்கிறவர்களும் உண்டு. இரவு முழுக்க விளக்கு, கதவடிக்கும் சத்தம், கூடாரத்தைக் கடந்து போகும் ஆட்கள். இரண்டு மூன்று சைட் தள்ளி எடுத்தால் அம்மம்மாவும் நடக்கலாம், மற்றவர்களும் தூங்கலாம்.

இதெல்லாம் போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்பீர்கள். ஒன்ராறியோ பார்க்ஸ் பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு சைட் எண்ணையும் அழுத்திப் பாருங்கள். நிழல் எவ்வளவு, மறைப்பு எப்படி, நிலம் சரிவா, எத்தனை ஆம்ப் என்ற விவரம் வரும், பலவற்றுக்குப் படமும் இருக்கும். பதிவு ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 1ஆம் திகதி போய் இறங்க வேண்டுமென்றால் மார்ச் 1ஆம் திகதி காலை, தேநீரோடு கணினி முன்னால் இருக்க வேண்டும். முதல் நாலு விருப்ப எண்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள், தண்ணி ஓரத்து சைட்டுகள்தான் முதலில் போகும்.