பாட்டியின் விரதமும் வெள்ளை அணுக்களும்



போன வருடம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் பாட்டி சாமி மேடை முன்னால் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். கை நடுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. வயது 72, இனிப்பு நீர் உள்ளவர். விரதத்தில் ஒரு வேளைதான் சாப்பாடு; மாத்திரை மட்டும் வழக்கம்போல் இரண்டு வேளை. மைலோ கலக்கிக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். "முருகன் பாத்துக்குவான்டா"ன்னு சிரித்தார். எனக்குத்தான் பயம் போகவில்லை. விரதம் வயதான உடம்பை என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன்.

நம் நோய் எதிர்ப்புப் படை வெள்ளை அணுக்கள். அவை எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல உயிரணுக்களிலிருந்து பிறக்கின்றன. அவற்றில் டி அணுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் நமக்கு மூன்று நாளில் போகும் காய்ச்சல் தாத்தா பாட்டியைப் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

2014-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் லாங்கோ குழு, எலிகளை இரண்டு முதல் நான்கு நாள் பட்டினி போட்டுப் பார்த்தது. வெள்ளை அணுக்கள் குறைந்தன. ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருளும் குறைந்தது. மூல உயிரணுக்கள் விழித்துக்கொண்டன. மறுபடி உணவு கொடுத்ததும் வெள்ளை அணுக்கள் திரும்ப நிறைந்தன. கவனியுங்கள்: பட்டினி பாதி வேலைதான். மீதி, உணவு திரும்பும்போது நடக்கிறது. நம் வழக்கத்தில் விரதத்தோடு பாரணையும் உண்டு, இல்லையா?

இதை வைத்து, "நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள்" என்று மேடையில் முழங்கிவிடாதீர்கள். அது எலிகளிடம் கண்டது. லாங்கோ மனிதர்களுக்கு வகுத்ததும் முழுப் பட்டினி அல்ல. புரதமும் சர்க்கரையும் குறைத்த ஐந்து நாள் தாவர உணவு. முதியவர்கள் தாங்களாகவே பட்டினி கிடந்தால் தசை கரையும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும்.

இந்த வருடம் ஒரு மாதம் முன்பே பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். பாட்டி சைவம் காத்தார். மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார், பருப்பும் தயிரும் சேர்த்து. தண்ணீர்மலையின் 513 படிகளை என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினார்.

சிந்திக்க:
1. உங்கள் வீட்டில் விரதம் இருக்கும் பெரியவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்? உங்களுக்குத் தெரியுமா?
2. அவரோடு கிளினிக்குக்குப் போவதும் ஒரு தொண்டுதானே?